உப்பளம் வெள்ளை இல்லை

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிதான் தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கிறது. நவம்பர் பிறந்துவிட்டால் மெய்ப்புத் திருத்துபவர், பக்கம் அமைப்பவர், அட்டை வடிவமைப்பவர், அச்சகத்தார் என எல்லோருக்கும் இரவும் பகலும் ஒன்றாகிவிடும். சிறு பதிப்பகங்களுக்கு அட்டை வடிவமைத்துக்கொண்டும் இடையிடையே கட்டுரைகள் எழுதிக்கொண்டும் காலம் தள்ளுகிற எனக்கு, இந்த மாதங்களில்தான் இளையவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனை அட்டைக்கும் யோசனை எங்கிருந்து வருகிறது, மனம் ஒட்டாத நாளில் எப்படி வேலைக்கு உட்காருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நல்ல இசை கேளுங்கள், ஊர் சுற்றுங்கள், நிறையப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கும் வேலை மிச்சம். ஆனால் ‘நிறையப் பாருங்கள்’ என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதில்தான் காரியமே இருக்கிறது.

இப்போதைய வழக்கம் என்னவென்றால், பதிப்பாளரிடமிருந்து தலைப்பும் பக்க எண்ணிக்கையும் வந்த உடனே, படங்களைத் தேடிச் சேமிக்க உதவும் பின்டரெஸ்ட் தளத்தைத் திறந்து, அதே வகை நூல்களுக்கு உலகெங்கும் செய்யப்பட்ட அட்டைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, அவற்றுள் பிடித்த சிலவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவைத்துக்கொள்வது. இதற்கு ‘இன்ஸ்பிரேஷன் எடுத்தல்’ என்று பெயர். பிறர் செய்து முடித்ததை முதலில் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியிருக்கிறது. பொறியியல் வடிவமைப்பு தெரிந்தவர்களிடம், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் உறிஞ்சுகுழல் வைத்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டி, உறிஞ்சுகுழல் கூடாது என்பதையும் நிபந்தனையாகவே எழுதிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் மாதிரியைப் பார்த்தவர்களின் வரைபடங்களில் உறிஞ்சுகுழல் தாராளமாக வந்து உட்கார்ந்துகொண்டது. மாதிரியில் இருந்த குறைகள்கூட அப்படியே நகலாயின. வேண்டாம் என்று சொல்லியும் கை கேட்கவில்லை என்றால், வேண்டும் என்று தேடிப் போய்ப் பார்த்த படம் கையை எவ்வளவு கட்டிப்போடும்! கிராமத்து நாவல் என்றால் பனைமரமும் சிவந்த வானமும், பெண் எழுத்தாளர் என்றால் முகம் தெரியாத பின்புறத் தோற்றமும் நம் அட்டைகளில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை.

ஆகவே என் முதல் விதி எளியது: கையெழுத்துப் படியை முழுக்கப் படித்து முடிக்கும்வரை வேறு எந்த அட்டையையும் பார்ப்பதில்லை. பதிப்பாளர்கள் பலர் சுருக்கம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அட்டையைக் கேட்பார்கள். அதை வைத்துக்கொண்டு செய்த அட்டை, சுருக்கத்துக்கான அட்டையாகத்தான் இருக்கும். படிக்கும்போது கதையின் போக்கையோ கருத்தையோ நான் குறித்துக்கொள்வதில்லை. பொருள்களை மட்டும், அவை என்ன நிறம், என்ன அளவு, யார் கையில் இருக்கின்றன என்பதோடு சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவேன். கருத்துகள் எல்லா நூல்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. பொருள்கள் அப்படி இருப்பதில்லை.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் ஒன்றுக்கு அட்டை செய்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டெமி அளவு, பாரத்துக்கு 16 பக்கம் என்ற கணக்கில் 17 பாரம், 272 பக்கம். முதுகுப் பகுதிக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம்தான் கிடைக்கும். பதிப்பாளர் நல்ல மனிதர். என்ன வேண்டும் என்பதையும் முன்பே தீர்மானித்திருந்தார். தலையில் சும்மாடும் அதன்மேல் உப்புக் கூடையுமாக ஒரு பெண், பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். “கதை முழுக்க அந்தப் பொண்ணுதானே சார்” என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை, அந்தப் படத்தை நாம் எல்லோரும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம் என்பதைத் தவிர. தலைப்பில் ‘உப்பு’ என்ற சொல் இருந்தது. அந்த ‘ப்’பின் மேலிருக்கும் புள்ளியை உப்புக் கல்லாக மாற்றிக் காட்டலாம் என்ற யோசனை எனக்கு முதல் நிமிடத்திலேயே வந்தது. முதல் நிமிடத்தில் எனக்கு வருவது மற்ற எல்லோருக்கும் முதல் நிமிடத்தில் வரும் என்பதால், அதை ஒரு தாளில் வரைந்து, கணக்குத் தீர்த்து ஓரமாக வைத்துவிட்டேன். இப்படி வரைந்து வெளியேற்றாவிட்டால் அது வேலை முடியும்வரை மூளையின் வாசலிலேயே நின்று நச்சரித்துக்கொண்டிருக்கும்.

பொருள்களின் பட்டியலில் ஒரு விஷயம் உறுத்தியது. நாவலில் வருகிற ஒரு கங்காணி, சட்டைப் பையில் கண்ணாடிக் குழல் ஒன்றை வைத்துக்கொண்டு ‘டிகிரி’ பார்த்துக்கொண்டே அலைகிறார். உப்புக்கும் டிகிரிக்கும் என்ன தொடர்பு என்று புரியாததால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். உப்பளங்களில் வேலை விடியும் முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். உப்புப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கண் தாங்காது. நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பின் இரண்டு பக்கமும் நீர் தேங்கிய பாத்திகள்தான் தெரிந்தன. அவற்றுள் எதுவும் வெள்ளையாக இல்லை. ஒன்று பாசி படிந்த பச்சை, அடுத்தது தேநீர் நிறம், அதற்கும் அடுத்தது ரோஜா நிறம் என்று சொல்லத்தக்க மங்கிய சிவப்பு. படம் எடுக்க வந்தவன் என்று என் கையிலிருந்த கேமராவைப் பார்த்துப் புரிந்துகொண்ட ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வெள்ளையப் பாக்கணும்னா கடைசிப் பாத்திக்குப் போணும்லா தம்பி.”

விளக்கம் அந்தக் கண்ணாடிக் குழலில் இருந்தது. அது நீரின் அடர்த்தியை ‘போமே’ என்ற அளவுமுறையின் டிகிரிகளில் காட்டும் மிதவை. கடல்நீர் உள்ளே வரும்போது ஏறக்குறைய 3 டிகிரி இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் வற்றவைத்துக்கொண்டே போனால் முதலில் சுண்ணாம்புச் சத்துகள் படிந்து பிரியும். சுமார் 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதைத் தாண்டி 30 டிகிரியை நெருங்கும் முன் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்து சரக்கைக் கெடுத்துவிடும். அடர்த்தி ஏற ஏற அதைத் தாங்கி வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிரிகளும் மாறிக்கொண்டே வருவதால் நீரின் நிறமும் பச்சையிலிருந்து பழுப்புக்கும் சிவப்புக்கும் நகர்கிறது. நாம் வெள்ளை என்று நினைக்கும் ஒரு தொழிலின் பெரும்பாலான நாள்கள் வண்ண நீரைப் பார்த்துக் காத்திருப்பதில்தான் கழிகின்றன. நாவலும் காத்திருப்பைப் பற்றியதுதான் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. படித்தபோது அது கூலிப் பிரச்சினையைப் பற்றிய கதை என்றே எண்ணியிருந்தேன்.

அட்டை அங்கேயே, வரப்பின் மேலேயே முடிவாகிவிட்டது. முன்னட்டையிலிருந்து முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரைக்கும் பாத்திகள்போல அகலம் மாறுபடும் வண்ணப் பட்டைகள் ஓடும். பச்சையில் தொடங்கி ரோஜா நிறத்தில் முடியும். கடைசிப் பட்டை மட்டும் வெறும் தாளின் வெள்ளை. ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் மிகச் சிறிய எழுத்தில் 3 முதல் 25 வரையிலான டிகிரிகள். தலைப்பைக் கணினி எழுத்துருவில் வைக்காமல் கையால் எழுதினேன். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ‘கு’, ‘மூ’ போன்றவை கீழே இறங்கும், ‘கி’, ‘மீ’ போன்றவை மேலே வளையும். இடம் போதவில்லை என்று எழுத்துருவைக் கணினியில் நெருக்கினால் நிற்கும் கோடுகள் மட்டும் மெலிந்து, எழுத்து நோயாளியாகிவிடும். கையால் எழுதும்போது எந்த எழுத்து இடம் விட்டுக்கொடுக்கும், எது கொடுக்காது என்பது தானாகத் தெரியும். அச்சகத்தில் ஒரு சிறு தொல்லை இருந்தது. அட்டையின் மேல் பளபளப்பில்லாத மெல்லிய படலமான மேட் லேமினேஷன் போட்டால் வண்ணங்கள் ஒரு படி மங்கும் என்பதால், ரோஜா நிறத்தில் மெஜந்தா என்ற அச்சு மையின் அளவைத் திரையில் பார்க்கக் கூசும் அளவுக்கு ஏற்றிவைக்க வேண்டியிருந்தது. பதிப்பாளர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொண்ணு எங்க சார்?” என்று கேட்டார். நாவலாசிரியர்தான் அவரைச் சமாதானப்படுத்தினார்.

ஒவ்வொரு நூலுக்கும் இப்படி ஊர் ஊராகப் போக முடியாது, போகத் தேவையும் இல்லை. அந்தப் பயணத்தில் பயன்பட்டது, பதில் தெரியாத ஒரு சின்னக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனது. டிகிரி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு போகாமல், சும்மா ‘அனுபவத்துக்காக’ உப்பளத்துக்குப் போயிருந்தால், நேராகக் கடைசிப் பாத்தியைத் தேடிப்போய் வெள்ளைக் குவியல்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

எழுத்திலும் இதே கதைதான். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, 1880 அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவோம். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் சாமிநாதையர் வரிசையாக அடுக்க, முதலியார் அசையவே இல்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அந்த ஒரு கேள்வி கூச்சத்தையும் ரோஷத்தையும் கிளப்பிவிட்டது என்பது உண்மைதான்; ஆனால் ரோஷம் ஒரு மாதம் தாங்கும், மிஞ்சினால் ஒரு பருவம் தாங்கும். சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் அவரை இழுத்துக்கொண்டு போனது வேறொன்று என்றே நினைக்கிறேன். பாட்டில் புரியாத சமண மரபுச் செய்திகளுக்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிச் சென்றார். சிந்தாமணிக்குப் பழைய உரை எழுதிய நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிக்கொண்டே போன பழம்பாடல் வரிகள் எங்கிருந்து வந்தவை என்று தேடினார். அந்தத் தேடல் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் சங்க நூல்களைக் கொண்டுபோய்க் காட்டியது. சிந்தாமணி வந்த இரண்டே ஆண்டில், 1889இல், பத்துப்பாட்டுப் பதிப்பு வந்தது. ஒரு வேலைக்குள் அவிழாமல் கிடந்த முடிச்சுதான் அடுத்த வேலையாகிறது. இந்த வகை ஊக்கம் வெளியிலிருந்து யாரும் ஊட்ட வேண்டியதில்லாதது. நாம் செய்யவேண்டியது, முடிச்சைப் பார்த்தும் பாராததுபோல் தாண்டிப் போகாமல் இருப்பது மட்டுமே.

என்னையும் கட்டுரை எழுதத் தூண்டுகிற காரணங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட உதிரிகள்தாம். அட்டை வேலையில் மிஞ்சிய கேள்விகள் கட்டுரையாகின்றன. கசப்பு நீரை வெளியேற்றிய பிறகு அது எங்கே போகிறது என்பதிலிருந்து ஒரு கட்டுரை பிறந்தது. ‘எதைப் பற்றியாவது எழுத வேண்டும்’ என்று வெறுமனே உட்கார்ந்து எழுதியவை எல்லாம் முதல் பத்தியிலேயே மூச்சு வாங்கி நின்றிருக்கின்றன.

மனம் ஒட்டாத நாளில் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஓவியர் ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியையே திரும்பத் திரும்பக் கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே முகம், ஒரே மூக்குக்கண்ணாடி, ஒரே கைத்தடி. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது, எதை வரைவது என்ற கேள்வியே அங்கு ஒழிந்துபோய், இந்தத் தடவை எப்படி என்ற கேள்வி மட்டும் மிஞ்சியிருப்பதைக் காணலாம். எழுத உட்காருகிறவரைப் பெரும்பாலும் அலைக்கழிப்பது அந்த முதல் கேள்விதான். அதனால் மந்தமான நாள்களில் தலைப்பு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு வேறு பேனாக்களால், வேறு வேறு தடிமனில் தாள் நிறையும்வரை எழுதிக்கொண்டிருப்பேன். முடிவெடுக்கவேண்டிய வேலை அதில் எதுவும் கிடையாது. கை சூடேறிய பிறகு மனம் என்ன செய்துவிட முடியும், பின்னாலேயே வந்துதான் ஆகவேண்டும். எழுத்து வேலையென்றால், முந்தைய நாள் ஒரு வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டு எழுந்திருப்பேன். மறுநாள் வெற்றுத் திரையைப் பார்க்காமல் அந்தப் பாதி வாக்கியத்தைப் பார்க்க நேர்வதில் பெரிய அனுகூலம் இருக்கிறது.

வேலையை விட்டு விலகி இருப்பதும் வேலைதான் என்பார்கள். ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் 1926இல் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது, ஆயத்தத்துக்கும் யோசனை பளிச்சிடுவதற்கும் நடுவே அடைகாக்கும் கட்டம் ஒன்றை வைத்தார். அவருக்கு ஆதாரமாக இருந்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். தமது 70ஆம் பிறந்தநாள் விழாவில் பேசும்போது, நல்ல யோசனைகள் களைத்த மூளைக்கும் வந்ததில்லை, எழுதும் மேசையிலும் வந்ததில்லை, வெயில் அடிக்கும் நாளில் மரங்கள் அடர்ந்த குன்றின்மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போதே வந்தன என்று அவர் கூறினார். மது ஒரு சொட்டு உள்ளே போனாலும் அவை மிரண்டு ஓடிவிடும் என்றும் சொல்லிவைத்தார். நம் இலக்கியக் கூட்டங்கள் முடிந்த பிறகு நடக்கும் கூட்டங்களில் இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நேராக நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள், அதற்கு முன்னால் அதே பேச்சில் அவர் வைத்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். பிரச்சினையை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்து, அதன் சிக்கல்கள் எல்லாம் தாளைப் பார்க்காமலேயே மனத்தில் ஓடும் நிலை வந்த பிறகுதான் அந்த நடை. கையெழுத்துப் படியைப் படிக்காதவன் மெரினாவில் எத்தனை முறை நடந்தாலும் உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

இனி, கசப்பான ஒரு விஷயம். படைப்பு வேலைக்கான ஊக்கம் உள்ளிருந்து வரவேண்டும், காசுக்காகச் செய்தால் கலை செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே கூலியைக் குறைக்கிறவர்கள் நம் துறையில் உண்டு. அவர்கள் காட்டும் ஆதாரத்துக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமாபிலே 1985இல் வெளியிட்ட அந்த ஆய்வில், எழுத்தில் ஈடுபாடுள்ளவர்களை ஹைக்கூ பாணியில் குறுங்கவிதை எழுதச் சொன்னார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம், எழுதுவதில் கிடைக்கும் இன்பம் போன்ற காரணங்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்து அவற்றைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். வேறொரு பகுதியினரிடம் பணம், புகழ், பிறர் மெச்சுதல் போன்ற காரணங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். மறுபடியும் கவிதை எழுதச் சொன்னபோது, இரண்டாவது பட்டியலைச் சற்று நேரம் சிந்தித்தவர்களின் கவிதைகள் மட்டும் தரத்தில் இறங்கின. புறக்காரணங்களை நினைத்த சில நிமிடங்களே போதுமானதாக இருந்தன.

இதைப் படிக்கும் முதலாளி, ஆக பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று புரிந்துகொள்கிறார். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. வேலை நடக்கும்போது பணத்தைப் பற்றிய நினைப்பு தரத்தைக் கெடுக்கிறது என்றால், அந்த நினைப்பே எழாதபடி வேலை தொடங்கும் முன் கணக்கை முடித்துவிடுவதுதான் நியாயம். போன ஜனவரிக்குச் செய்த அட்டைகளுக்கு ஆடி மாதம்வரை தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், அடுத்த நாவலின் பொருள்களைப் பட்டியல் போடும் நிதானம் எப்படி இருக்கும்? அவர் பின்டரெஸ்ட்டைத்தான் திறப்பார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்கும் இளையவர்களுக்கு இசை, பயணம், நடை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்வது இதுதான்: கையெழுத்துப் படி கைக்கு வரும் அன்றே பாதித் தொகையை வாங்கிவிடுங்கள், மீதியை அச்சுக்கு அனுப்பும் கோப்பைக் கொடுக்கும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டதற்காக என்னைவிட்டுப் போன பதிப்பகங்கள் உண்டு. உப்பளத்து நாவலின் பதிப்பாளர் போகவில்லை. இந்த ஆண்டு தீப்பெட்டித் தொழிற்சாலைக் கதை ஒன்றை அனுப்பியிருக்கிறார், கூடவே முன்பணத்தையும், அட்டையில் கட்டாயம் ஒரு பெண் இருக்க வேண்டும் என்ற குறிப்பையும்.